காத்திருக்கத் தெரிந்த டீச்சர்

செண்பகனூர் பஸ் ஸ்டாப்பில் காலை எட்டரை மணிக்குப் பனி முழுதாக விலகியிருக்காது. வத்தலக்குண்டிலிருந்து மேலேறி வரும் பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டே வளைவில் திரும்புகின்றன. ஸ்கூல் வேனுக்காக நிற்கும் கூட்டத்தில் மூன்றரை வயதுப் பையன் ஒருவன், ஸ்வெட்டரின் மேல் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். நாக்கு நுனி வாயோரமாக எட்டிப் பார்க்கிறது. பட்டன் பாதி ஓட்டைக்குள் போகும், நழுவும். மறுபடி பாதி போகும், மறுபடி நழுவும். ஹாரன் சத்தம் கேட்டதும் அம்மா குனிந்தார். ஒரே மூச்சில் நாலு பட்டனையும் போட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்து, தூக்கி வேனுக்குள் உட்காரவைத்தார். பையன் அழவில்லை. வேன் கிளம்பும்போது பார்த்தால், அம்மா போட்ட மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. வேன் நிற்காது, அவருக்கும் வேலைக்குப் போக வேண்டும். வேன் போய்ச் சேரும் இடத்தில் இருக்கும் டீச்சரும் அதையே செய்தால்தான் சிக்கல்.

இந்த பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆறு கிலோமீட்டர் மேலே இருக்கிறது கொடைக்கானல். பட்டன் போடுவதற்கென்றே தனிப் பாடம் வகுத்த ஓர் இத்தாலியப் பெண்மணி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே குடியிருந்தார். மரச்சட்டத்தில் இரண்டு துணிகளைப் பொருத்தி, நடுவே பெரிய பட்டன்கள் தைத்த எளிய சாதனம் அவருடையது. குழந்தை அதை எடுத்து உட்கார்ந்தால், முடிக்கும் வரை யாரும் குறுக்கே கை நீட்டக் கூடாது. அவர் மரியா மாண்டிசோரி. தெருவுக்குத் தெரு நர்சரிப் பள்ளிப் பலகைகளில் நாம் பார்க்கும் அதே பெயர்.

எல்.கே.ஜி. சேர்க்கை என்றாலே நள்ளிரவு வரிசை, லட்சக் கட்டணம், மூன்று வயதுக்கு நேர்காணல் என்றுதான் இப்போது வீடுகளில் பேச்சு. சேர்ந்த பிறகு அந்தக் குழந்தையின் எதிரே உட்காரப்போகிற டீச்சர் யார், அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்ற பேச்சு அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. இந்த மலையில் எண்பது வருடங்களுக்கு முன் அதைத்தான் ஒருவர் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

எதிரி நாட்டு விருந்தாளி

1939 நவம்பரில் மாண்டிசோரி சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். சில மாதங்கள் பயிற்சி வகுப்பு நடத்திவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் ஒரே நாளில் எதிரிகள் ஆனார்கள். மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். அம்மாவின் நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆகஸ்ட் 31 அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அன்றைக்கு வைஸ்ராய் கொடுத்த பரிசு மகனின் விடுதலை. அந்தச் செய்தியில் மரியோவை ‘மகன்’ என்றே குறிப்பிட்டிருந்தார்கள். அதுவரை ஊருக்கு அவர் உறவுக்காரப் பையன், வளர்ப்பு மகன். திருமணம் ஆகாமல் பெற்ற பிள்ளையை வெளியே சொல்ல முடியாத காலம் அது. பிள்ளை வளர்ப்பைப் பற்றி உலகத்துக்கே எழுதியவர், தன் பிள்ளையைப் பல வருடங்கள் வேறு வீட்டில் வளரவிட்டு, தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுத்தைப் படிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

1942 ஏப்ரல் 5-ல் கொழும்பில் ஜப்பான் குண்டு போட்டது. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. சென்னை பாதி காலியானது. மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலிகளை, கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று சுட்டுக் கொன்ற கலவர நேரம். அந்த வருடம்தான் மாண்டிசோரியும் மரியோவும் கொடைக்கானலுக்கு வந்தார்கள். 1944 வரை இருந்தார்கள்.

---
பெட்டிச் செய்தி: மாண்டிசோரி, தேதிகளில்

1870 ஆகஸ்ட் 31: இத்தாலியின் கியாரவாலே ஊரில் பிறப்பு.
1896: ரோமில் மருத்துவப் பட்டம். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவர்.
1907 ஜனவரி 6: ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் முதல் ‘குழந்தைகள் இல்லம்’.
1931: லண்டனில் காந்தியுடன் சந்திப்பு.
1939: அடையாறு வருகை.
1942–44: கொடைக்கானல்.
1946: ஐரோப்பா திரும்புதல். அடுத்த வருடமே மீண்டும் இந்தியா.
1949: அகமதாபாத் உரைகளின் அடிப்படையில், குழந்தையின் முதல் ஆறு ஆண்டு மனத்தைப் பற்றிய புகழ்பெற்ற நூல் சென்னையில் வெளியீடு.
1952 மே 6: நெதர்லாந்தில் மறைவு.
---

பூட்ட மறந்த அலமாரி

மாண்டிசோரி டீச்சராகப் படித்தவர் இல்லை. அவர் டாக்டர். படிப்பு முடிந்ததும் ரோமின் மனநல விடுதிகளுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளை வெறும் அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அருவருப்பு: எவ்வளவு தின்றாலும் அடங்காத ஜென்மங்கள் என்று. மாண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். தொடுவதற்கு, உருட்டுவதற்கு, கையில் எடுப்பதற்கு அங்கே ஒரு பொருள் இல்லை. பசி வயிற்றில் இல்லை, விரல்களில் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. பிற்காலத்தில் அவர் செய்த மரக்கட்டைகள், உருளைகள், மணிகள் எல்லாவற்றுக்கும் மூலம் அந்தத் துணுக்குகள்தான்.

1907-ல் சான் லொரென்சோ. கூலிவேலை செய்பவர்களின் அடுக்குக் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போன பிறகு சிறுசுகள் சுவரைக் கிறுக்கி மாடிப்படியைப் பாழாக்குகின்றன என்பது கட்டட உரிமையாளர்களின் கவலை. ஓர் அறையைக் கொடுத்து, குழந்தைகளை யாராவது பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். சுவரைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கையில் பிறந்ததுதான் உலகப் புகழ்பெற்ற கல்விமுறை!

அங்கே முதல் டீச்சராக இருந்தவர் அந்தக் கட்டட வாயில்காப்பாளரின் மகள். ஆசிரியர் பயிற்சி பெற்றவர் இல்லை. மாண்டிசோரிக்கு அது வசதியாகவே இருந்தது. பயிற்சி பெற்றவர் என்றால் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார். இவர் சொன்னதைச் செய்வார், பார்த்ததைச் சொல்வார். ஒருநாள் அவர் அலமாரியைப் பூட்ட மறந்து, காலையில் தாமதமாக வந்தார். வந்து பார்த்தால் குழந்தைகள் அலமாரியைத் திறந்து, ஆளுக்கொரு பொருளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திருட்டு என்று அவர் பதறினார். மாண்டிசோரியோ, எடுக்கப்பட்டவை எவை, தொடாமல் விடப்பட்டவை எவை என்று பார்த்தார். தொடாதவற்றை நீக்கினார். பூட்டும் அலமாரி போய், குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த அடுக்குகள் வந்தன. உலகத்து மாண்டிசோரி வகுப்பறைகளில் இன்றும் அப்படித்தான்.

டீச்சர் என்றால் நிறையப் பேசுபவர் என்ற நம் பழக்கத்துக்கு நேர் எதிரான ஆள் இங்கே உருவாகிறார். நிறையப் பார்ப்பவர். ஒரு பொருளை எப்படிக் கையாள்வது என்று குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்தவரை வார்த்தையில்லாமல், மெதுவாக ஒருமுறை செய்து காட்டிவிட்டு எழுந்துவிடுவார். தப்பைத் திருத்த வேண்டியது அந்தப் பொருளே. பத்து உருளைகளைப் பத்துக் குழிகளில் பொருத்த வேண்டும் என்றால், ஒன்றை இடம் மாற்றிப் போட்டால் கடைசியில் ஓர் உருளை குழிக்குள் இறங்காமல் நிற்கும். குழந்தை விழிக்கும், எல்லாவற்றையும் வெளியே எடுக்கும், மறுபடி தொடங்கும். அந்த நேரத்தில் ‘அது அங்க இல்லடா கண்ணு’ என்று அன்பாகச் சொல்லும் டீச்சர்தான் வேலையைக் கெடுப்பவர். சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, சொந்தப் பிள்ளை ஷூவை மாற்றிப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும்.

மலை சேர்த்த பாடங்கள்

அடையாறு வரை மாண்டிசோரியின் பெயர் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வயதுக்காரர்களோடு சேர்த்தே பேசப்பட்டது. கொடைக்கானலில் நிலைமை வேறு. போருக்குப் பயந்து மலைக்கு வந்திருந்த குடும்பங்கள், ஊர்க்காரர்கள், வெளிநாட்டவர் என்று கலவையான பிள்ளைகள். இரண்டரை வயதிலிருந்து பன்னிரண்டு வரை எல்லோரும் ஒரே இடத்தில். அடையாற்றில் பயிற்சி பெற்ற இலங்கைப் பெண் லீனா விக்ரமரத்ன கூட இருந்து நடத்தினார்.

வயதுக் கலப்பு தற்செயலாக அமைந்த சோதனைக்கூடம் ஆனது. பெரியவர்களுக்கு என்று வைத்த இலை வடிவங்களையும் நிலப்படங்களையும் நாலு வயதுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்ததோடு நிற்காமல் பெயர்களைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய பெயர்கள் சின்னக் குழந்தைக்கு எதற்கு என்று நாம்தான் தயங்குகிறோம். ‘டைனோசர்’ வகைகளை வரிசையாக ஒப்பிக்கும் நாலு வயதுக்காரன் எல்லாத் தெருவிலும் இருக்கிறான். அவனுக்கு ‘ஈட்டி வடிவ இலை’ சிரமமாகவா இருக்கும்?

வெளியே காலை வைத்தாலே பாடம்தான் இந்த மலையில். தைல மரத்தின் நீண்டு வளைந்த இலை, பட்டர் ஃப்ரூட்டின் அகல இலை, பாறை இடுக்கில் சுருண்டு விரியும் பெரணி, சோலைக்காட்டு ஓரத்துப் பாசி. செண்பகனூரிலேயே 1895-ல் இயேசு சபையார் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியின் இயற்கை அருங்காட்சியகம் இருக்கிறது. பாடம் செய்த விலங்குகளும் பறவைகளும் பூச்சிகளும் கூடவே ஆர்க்கிட் தோட்டமும். அந்தச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் லூயி ஆங்கிலாட் பழனிமலைத் தாவரங்களை ஒவ்வொன்றாக நீர்வண்ணத்தில் வரைந்து குவித்தவர். ஓர் இலையின் முன் மணிக்கணக்கில் உட்காரும் பழக்கம் இந்த மலைச்சரிவுக்குப் புதிதல்ல.

மாண்டிசோரியும் மரியோவும் இங்கே செடி, விலங்கு, நிலம் பற்றிய பாடப் பொருள்களை விரிவாக்கினார்கள். எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையது, மழையும் பாறையும் புழுவும் மனிதனும் ஒரே கதையின் பாத்திரங்கள் என்று குழந்தைக்குச் சொல்லும் முறை இந்தியாவில்தான் முழு வடிவம் பெற்றது. ‘அண்டக் கல்வி’ என்று அதைச் சொல்லலாம். இன்று உலகம் முழுக்க மாண்டிசோரி தொடக்கப் பள்ளிகள், அதாவது ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை, பின்பற்றுவது அதைத்தான்.

அந்தக் கால இந்திய வாசத்தைப் பற்றி மாண்டிசோரி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. எங்கள் நாகரிகம் உங்களுடையதைவிட எவ்வளவோ பழையது என்று இந்திய மாணவர்கள் பெருமையடித்தார்களாம். மரியோ 300 மீட்டர் கறுப்புத் துணியைச் சுருட்டி எடுத்து வந்து, தெருவில் விரிக்கச் சொன்னார். பூமியின் வயது அது. துணி விரிந்துகொண்டே போனது. கடைசி நுனியில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று. மனிதனின் மொத்தக் காலமும் அதற்குள். ரோமாபுரி பழையதா, கீழைத்தேசம் பழையதா என்ற வாதம் அதோடு சரி. அந்தக் கறுப்புத் துணி இன்றும் மாண்டிசோரி பள்ளிகளில் பாடப் பொருள்.

மணலும் உப்புத்தாளும்

மாண்டிசோரி முறையில் எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டிப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். குழந்தை இரண்டு விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லும். கண், காது, விரல் மூன்றும் ஒரே நேரத்தில். நம் தாத்தாக்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருந்திருக்காது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, விரல் தேயத் தேய எழுதி, உரக்கச் சொன்னவர்கள் அவர்கள். விஜயதசமி அன்று தட்டில் அரிசியைப் பரப்பி ‘அ’ எழுதவைப்பதில் அந்தப் பழக்கத்தின் மிச்சம் இருக்கிறது. ஒருநாள் மட்டும் மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான். மறுநாள் கையில் பென்சில், முன்னால் நாலு கோட்டு நோட்டு.

மூன்றரை வயதுக் கையில் பென்சிலைத் திணிப்பதில் உடம்பு சார்ந்த சங்கடமும் உண்டு. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான்; ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு முடிக்கப் பல வருடங்கள் ஆகும். அதற்குள் தினமும் இரண்டு பக்க வீட்டுப்பாடம்! உருளையின் சின்னக் குமிழை மூன்று விரலால் பிடித்துத் தூக்குவதும், பட்டன் போடுவதும், பயறு பொறுக்குவதும், பிற்பாடு பென்சில் பிடிக்கப்போகும் அதே மூன்று விரலுக்கான தயாரிப்பு. பஸ் ஸ்டாப்பில் அந்தப் பையன் செய்துகொண்டிருந்தது எழுத்துப் பயிற்சிதான்.

தமிழில் இந்த முறையைக் கொண்டுவருகிற டீச்சருக்குக் கூடுதல் வேலை இருக்கிறது. ஆங்கிலத்துக்கு 26 பலகை செய்தால் முடிந்தது. தமிழில் உயிர் 12, மெய் 18, ஆய்தம், அதற்கு மேல் உயிர்மெய் 216. அத்தனையையும் பலகையாக அடுக்கினால் குழந்தை ஓடிவிடும். ட, ப, ம என்று எளிய எழுத்துகளில் தொடங்கி, பிறகு காலையும் கொக்கியையும் கொம்பையும் தனித்தனித் துண்டுகளாகக் கொடுத்து, குழந்தையே எழுத்தோடு சேர்த்துப் பார்க்கவிட்டால் பாரம் குறைகிறது. ‘ம’வுக்குப் பக்கத்தில் கால் வைத்தால் ‘மா’. இதைத் தானாகக் கண்டுபிடித்த குழந்தை அந்த ஒரு காலைத் தூக்கிக்கொண்டு எல்லா எழுத்துக்கும் வைத்துப் பார்க்கும். டீச்சர் அப்போது செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது.

போகிற போக்கில் ஒன்று. கொடைக்கானல் மலையில் ‘ஏ ஃபார் ஆப்பிள்’ ஒப்பிக்கிற பிள்ளையின் வீட்டுக் கொல்லையில் காய்ப்பது பேரிக்காயும் பிளம்ஸும்.

பலகையில் பெயர், உள்ளே வேறு

‘மாண்டிசோரி’ என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை. அமெரிக்காவில் 1967-லேயே அது பொதுச்சொல், எந்த ஒரு அமைப்புக்கும் உரிமை இல்லை என்று முடிவாகிவிட்டது. நம் ஊரிலும் பெயின்டரும் பலகையும் இருந்தால் போதும். இதன் விளைவை நகரங்களில் கண்கூடாகப் பார்க்கலாம். வாசலில் மாண்டிசோரி என்று இருக்கும். உள்ளே மாண்டிசோரியின் இளஞ்சிவப்புக் கட்டைகள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருக்கும். பெற்றோர் வரும் நாளில் மட்டும் திறப்பார்கள். நாற்பது குழந்தைகள் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்து ரைம்ஸ் சொல்லும்.

பெற்றோர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மூன்று மாதம் போய் வந்த குழந்தை நோட்டில் ஏதும் எழுதவில்லை என்றால் வீட்டில் கவலை தொடங்கிவிடுகிறது. கட்டணம் கட்டியதற்கு எழுத்துச் சாட்சி வேண்டும். குழந்தை தண்ணீரைச் சிந்தாமல் டம்ளரில் ஊற்றக் கற்றுக்கொண்டது என்று டீச்சர் சொன்னால், ‘அதுக்கா இவ்ளோ ஃபீஸ்?’ என்று தோன்றுகிறது. பள்ளி நடத்துபவர் வியாபாரி; கேட்டதைக் கொடுக்கிறார். மழலையர் வகுப்பில் எழுத்துத் தேர்வோ வாய்மொழித் தேர்வோ கூடாது என்று என்.சி.இ.ஆர்.டி. 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது. ஆனாலும் யூ.கே.ஜி. பிள்ளைக்குப் பரீட்சை அட்டவணை வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

பெற்றோர் கட்டும் கட்டணத்தில் டீச்சர் கைக்குப் போவது எவ்வளவு என்பதைப் பள்ளிகள் பலகையில் எழுதுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு சம்பளம், எல்.கே.ஜி. டீச்சருக்கு அதில் ஒரு பங்கு என்பதுதான் ஊர் வழக்கம். வயது குறையக் குறையச் சொல்லிக்கொடுப்பது சுலபம் என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருக்கிறது. மாண்டிசோரியின் மொத்த வாழ்க்கையும் இந்த நம்பிக்கைக்கு எதிரான வாதம்.

பால்வாடி டீச்சரின் பகல்

தமிழ்நாட்டில் மூன்று வயதுக் குழந்தையின் முதல் டீச்சர், பெருவாரியான ஏழைக் குடும்பங்களுக்கு, அங்கன்வாடிப் பணியாளர்தான். அரசு ஆவணத்தில் ‘பணியாளர்’. குழந்தைக்கும் ஊருக்கும் ‘டீச்சர்’. ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். பழனிமலைக் கிராமங்களில் பூண்டு, கேரட் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் அம்மாக்கள் பிள்ளையை நம்பி விட்டுப் போக வேறு இடமில்லை.

அந்த அங்கன்வாடி டீச்சரின் பகலைப் பார்த்தால், சான் லொரென்சோவின் வாயில்காப்பாளர் மகளுக்குக்கூட இவ்வளவு வேலை இல்லை. குழந்தைகளை எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் சத்துமாவு கொடுத்துக் கணக்கு எழுத வேண்டும். தடுப்பூசி நாளுக்கு ஆளைத் திரட்ட வேண்டும். கலவை சாதமும் முட்டையும் நேரத்துக்குத் தயாராக ஆயாம்மாவோடு ஓட வேண்டும். எல்லாவற்றையும் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும். மலையில் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேட வேண்டும். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல். இத்தனைக்கும் நடுவில் முன்பருவக் கல்வி. ஒரு குழந்தை உருளையை எப்படிப் பொருத்துகிறது என்று உட்கார்ந்து பார்க்க அவருக்கு நேரம் எங்கே இருக்கிறது?

நேரம் கொடுத்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அலெஹாந்த்ரோ கணிமியனும் கிறிஸ்டோபர் வால்டர்ஸும் மாநில அரசோடு சேர்ந்து 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் அரை நாள் வேலைக்கு ஒரு கூடுதல் பணியாளர். முன்பருவக் கல்வியைக் கவனிப்பது ஒன்றே அவர் வேலை. கட்டடம் கட்டவில்லை, டேப்லெட் கொடுக்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது, பாட நேரம் இரட்டிப்பாகியிருந்தது. குழந்தைகளின் கணக்கும் மொழியும் தெளிவாக முன்னேறியிருந்தன. எதிர்பாராத லாபமும் வந்தது. பாடச் சுமை குறைந்ததால் பழைய டீச்சருக்கு ஊட்டச்சத்துப் பணியைக் கவனிக்க நேரம் கிடைத்தது. அந்த மையங்களில் வளர்ச்சிக் குறைபாடும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. 2024-ல் இந்த ஆய்வு உலகின் முன்னணிப் பொருளாதார இதழ் ஒன்றில் வெளியானது. அரை நாளுக்கு ஓர் ஆள், அவ்வளவுதான் மருந்து.

---
பெட்டிச் செய்தி: மழலைக் கல்வி, தமிழ்நாடும் நாடும்

1920: குஜராத்தின் பாவ்நகரில் வக்கீல் வேலையை விட்ட கிஜுபாய் பதேகா ‘பால மந்திர்’ தொடங்கினார். அவருடைய ‘பகல் கனவு’ தமிழிலும் கிடைக்கிறது.
1975 அக்டோபர் 2: ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், அங்கன்வாடிகள் பிறந்தன.
1982 ஜூலை 1: எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம்.
2003: எம்.பி.விஜயகுமார் ஆணையராக இருந்தபோது சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல். பிறகு மாநிலம் முழுக்க. பாயில் உட்கார்ந்து அட்டைகளோடு வேலை, குழந்தை உயரத்தில் கரும்பலகை.
2019 ஜனவரி: அரசுப் பள்ளி வளாகத்து 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. வகுப்புகள்.
2022 ஏப்ரல் 25: அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.
---

அந்த 2,381 வகுப்புகளின் கதை டீச்சரை நாம் எங்கே வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்லிவிடும். தொடக்கப் பள்ளிகளிலிருந்து இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றியபோது பலர் அதைப் பதவி இறக்கமாகவே எடுத்துக்கொண்டார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. 2022-ல் வகுப்புகளையே மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கி, தற்காலிக ஆசிரியர்களை எடுத்தார்கள். அப்போது தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். அரசியல் சாசனத்தின் 45-வது பிரிவு ஆறு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் மழலைக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்கிறது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை மூன்றிலிருந்து எட்டு வயது வரை ‘அடித்தள நிலை’ என்று பெயர் வைத்தது. அடித்தளம் போடும் கொத்தனாருக்குக்கூட ஒரு வாரத்தில் அந்த 5,000 ரூபாயைவிட அதிகம் கொடுக்கிறோம்.

சேர்க்கைக்குப் போகும் முன்

பள்ளி தேடும் பெற்றோர் வழக்கமாகக் கேட்பவை: ஏசி இருக்கிறதா, கேமரா இருக்கிறதா, ஆங்கிலத்திலேயே பேசுவார்களா. இவற்றோடு, டீச்சர் எத்தனை வருடமாக அங்கேயே இருக்கிறார் என்று கேளுங்கள். வருடத்துக்கு ஒரு டீச்சர் மாறும் பள்ளியில் உங்கள் பிள்ளையைத் தெரிந்துவைத்திருக்கும் ஆள் ஜூன் மாதம் இருக்கமாட்டார். அடுக்குகள் என்ன உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். பொருள்களில் கைபட்ட தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். புத்தம் புதிதாகப் பளபளத்தால் யாரும் தொடுவதில்லை என்று அர்த்தம். பக்கத்து அங்கன்வாடியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அக்கறையான டீச்சர் அமைந்த மையம் பல தனியார் நர்சரிகளைவிடத் தேவலை.

கடைசியாக, வகுப்பு நடக்கும்போது மூலையில் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். மாண்டிசோரி வகுப்புகளில் ஓரமாக உட்கார்ந்து கவனிப்பது டீச்சர் பயிற்சியிலேயே ஒரு பகுதி. அந்த மரபைப் பின்பற்றும் பள்ளிக்கு இந்தக் கோரிக்கை விநோதமாகத் தெரியாது. உட்கார்ந்தால் டீச்சர் எத்தனை முறை குரலை உயர்த்துகிறார், எத்தனை முறை குறுக்கே கை நீட்டுகிறார் என்று எண்ணுங்கள். குழந்தைகள் டீச்சரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா, கையிலிருக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அனுமதி இல்லை, எல்லாம் செயலியில் வீடியோவாக வரும் என்று வரவேற்பறையில் சொன்னால், அட்மிஷன் ஃபாரத்தை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த பள்ளிக்கு நடையைக் கட்டுங்கள்.